நேர்காணல்

ஜூலை.
மூணாறு தலைப்பில் தண்ணீர் மூன்றாகப் பிரிந்து
மூன்றாவது வாரம்.
நீடாமங்கலம் சார்நிலைக் கருவூலத்தில்
உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் நின்றார்கள்.

பதினேழாவது டோக்கன் அவர்.
ஜன்னலுக்கு வந்ததும் சற்றே திரும்பி
முகத்தின் இடது பாதியை மட்டும் எனக்குக் கொடுத்தார்.
பழக்கம் என்றார்.
வலது பாதியில் எப்போதும்
கதாநாயகனின் தோள் இருக்குமாம்.

பெயர்?
அபிவிருத்தீஸ்வரம் தியாகேசன்.
டைட்டிலில் அவ்வளவு இடமில்லை.
ஒரு படத்தில் 'அபி தியாகு',
இரண்டில் தப்பாகத் 'தியாகராஜன்',
மீதி நூற்றுச்சொச்சத்திலும்
'மற்றும் பலர்.'

வரிசை அவரை அடையாளம் கண்டுகொண்டது.
கண்டுகொண்டது என்றால்,
ஆளுக்கொரு ஆளாக.
"ஜட்ஜய்யா!" என்றார் ஓய்வுபெற்ற தலையாரி.
"பாலில் விஷம் வைப்பீங்களே, அந்தச் சித்தப்பா"
என்றார் மின்வாரியத்து மரியசூசை.
சத்துணவு தையல்நாயகி மட்டும்
ஒன்றும் சொல்லாமல் இரண்டடி தள்ளி நின்றாள்.
"அந்தப் படத்தைப் பார்த்திருக்காங்க"
என்று என் பக்கம் குனிந்து சொன்னார்.

கைரேகைக் கருவிக்கு அவரைத் தெரியவில்லை.
கட்டைவிரலை வேட்டியில் துடைத்து
மறுபடி வைத்தார். மறுபடி.
முப்பது வருஷம் ஒட்டுமீசைப் பசை தேய்த்த விரல்.
பிறகு சர்வரும் போயிற்று.
உட்காரச் சொன்னேன்.

எத்தனை முறை செத்திருக்கீங்க?
வேலை நேரத்தில் கேட்கக் கூடாததுதான்.
"அறுபத்து மூணு. நாயன்மார்க் கணக்கு."
பெரும்பாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு,
இடைவேளைக்கு முன்பே.
பாம்பு இரண்டு. லாரி ஐந்து.
ஒரு முறை கொள்ளிடத்து மணலில் மூன்று நாள் பிணம்.
மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி வைக்க
அங்கேதான் பழகினாராம்.
"பிணத்துக்குப் பேட்டா பாதிதான்.
வசனம் இல்லையே."

செத்ததெல்லாம் கஷ்டமில்லை,
உட்கார்ந்ததுதான், என்றார்.

படப்பிடிப்புக்குப் பிடித்த வீடு
அவர் ஊர்ப் பண்ணை வீடு.
வேஷம், மிராசுதார்.
அப்பா குத்தகை நெல்லை அளந்து போட்டுவிட்டு
கொல்லை வழியே வெளியேறும் வீடு அது.
கூடத்து ஊஞ்சலில் உட்கார வேண்டும்,
வெற்றிலைக் காம்பைக் கிள்ள வேண்டும்,
'தலைதட்டி அளடா' என்று ஒரே ஒரு வசனம்.
பதினோரு டேக்.
முழங்கால் மடங்கவில்லை.
ஊஞ்சல் ஆடுது சார் என்று பொய் சொன்னார்.
இரண்டு பேர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பத்திரிகையில் எழுதினார்கள்:
உட்காருமுன் ஒரு நொடி நிற்கிறாரே,
அது பரம்பரைத் திமிர்.

மின்விசிறி சுற்றியது.
நான் கேட்காமலே சொன்னார்:
"லோகாம்பாள் போனப்ப ரெண்டு தெரு தள்ளியிருந்து வந்தாங்க,
நான் எப்படி அழறேன்னு பார்க்க.
எப்படி அழுதாலும்
எங்கேயோ ஏற்கெனவே அழுததாவே இருந்துச்சு.
மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்."

சர்வர் வந்தது.
இடது சுண்டுவிரலுக்குப் பச்சை எரிந்தது.
'நேரில் தோன்றினார்' என்று முத்திரை குத்தினேன்.

தாளைத் தூரப் பிடித்து வாசித்தார்.
"நலிந்த கலைஞர்னு போட்டிருக்கு.
எவ்வளவு நலியணும்னு சொன்னீங்கன்னா
செஞ்சுடலாம்."
பிறகு, எழுந்துகொண்டே,
"என்னை யாரும் பேட்டி எடுத்ததில்லை.
வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த ஆபீஸ்தான்."

இருபத்தி இரண்டாவது டோக்கனில் திரும்பி வந்தார்.
கேட் போட்டுவிட்டார்களாம்,
அரவைக்குப் போகும் நெல் வேகன்கள்
முன்னும் பின்னுமாக இழுபடுகின்றனவாம்,
எப்படியும் அரைமணி.
"கண்ணாடியை விட்டுட்டேன்."

பதிவேட்டின் மேல் இருந்தது.
கொடுக்குமுன் ஏனோ ஒரு முறை போட்டுப் பார்த்தேன்.
எல்லாம் இருந்தபடியே இருந்தது.
"பவர் கிடையாதும்மா.
ஜட்ஜுக்கு வாங்கினது."